அறிவிக்காத மவுத்து

என் தங்கை றிஸ்லாவுக்கு டொக்டர் பட்டம் கொடுத்தது எந்தக் கம்பஸும் இல்லை, சாய்ந்தமருதில் எங்கள் ஒழுங்கைச் சனம்தான். ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசில் பரீட்சையில் நூற்றெண்பத்தாறு புள்ளி எடுத்து வந்த அன்று மாலையே கொடுத்து முடித்துவிட்டார்கள். "டொக்டர், உம்மா கூப்பிடுறா." "டொக்டர், கடைக்கா போற? எனக்கும் ரெண்டு தேங்காய் வாங்கிக்கு வா." பத்து வயதில் அது விளையாட்டு. இருபத்தொரு வயதில், ஏ.எல். பரீட்சை இரண்டு தரம் எழுதி, இரண்டு தரமும் மெடிசின் கிடைக்காமல், மூன்றாம் தரத்துக்குக் குந்தியிருக்கும் பிள்ளையையும் அதே பெயரால் கூப்பிட்டால் அதற்கு என்ன சொல்வது? எங்கள் ஊர் ஆட்கள் அதை அன்பு என்றார்கள். வேறு ஊரென்றால் வழக்குப் போட்டிருப்பார்கள்.

நான் ஜுனைதா. அவளுக்கு நேர் மூத்தவள், ஆனால் பன்னிரண்டு வயது வித்தியாசம். நானும் அதே பாடங்களை மூன்று தரம் எழுதியவள்தான். மூன்றாம் தரம் மயிரிழையில் தவறிப்போய், கிடைத்த பட்டப்படிப்பை முடித்து, இப்போது கல்முனையில் ஒரு பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் படிப்பிக்கிறேன். மூன்று தரத்துக்கு மேல் எழுதிக் கம்பஸுக்குப் போக முடியாது. அந்தக் கதவு சாத்தப்படும் சத்தத்தை என் காதால் கேட்டிருக்கிறேன். அது என் தங்கைக்குக் கேட்கக் கூடாது என்றுதான் எல்லாம் செய்தேன். செய்ததைச் சொல்கிறேன், நல்லது கெட்டதை நீங்களே பாருங்கள்.

அவளுடைய மூன்றாம் தரத்தை நான் கையில் எடுத்துக்கொண்டேன். கணவர் கட்டாரில், எனக்குப் பிள்ளை இல்லை, கைக்கு வேலை வேண்டியிருந்தது. சுவரில் ஒரு நேர அட்டவணை ஒட்டினேன். விடியக்காலை நாலரைக்குத் தொடங்கி இரவு பதினொன்று வரை. தொழுகைக்கு இடம் விட்டிருந்தேன். சாப்பாட்டுக்கு விட்டிருந்தேன். தலை சீவுவதற்குக்கூடப் பத்து நிமிஷம் போட்டிருந்தேன். அவளுடைய சிநேகிதிகள் அந்தி நேரத்தில் கடற்கரைப் பக்கம் நடக்கப் போகக் கூப்பிட வந்தால், வாசலிலேயே மறித்து அனுப்பிவிடுவேன்.

"சந்தோசம் எங்கயும் ஓடிப்போற சாமான் இல்ல புள்ள. ரிசல்ட் வந்தாப் பொறகு ஆசை தீரச் சந்தோசப்படு" என்று அவளுக்குச் சொல்வேன்.

"ஓம் ராத்தா" என்பாள். எதற்கும் 'ஓம் ராத்தா' தான். அவள் எதிர்த்துக் கதைத்திருந்தால் நான் கொஞ்சம் யோசித்திருப்பேனோ என்னவோ.

தலைமயிர் கொட்டத் தொடங்கியது. வாயெல்லாம் புண். ஒரு நாள் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு, "ஒரு பக்கத்த நாலு தரம் வாசிச்சிட்டன் ராத்தா, ஒண்டும் தலைக்குள்ள போகுதில்ல" என்றாள். "அஞ்சாந் தரம் வாசி" என்றேன். வகுப்பில் பிள்ளைகளிடம் பகிடி விடும் அதே வாயால்தான் சொன்னேன்.

எங்கள் வாப்பா மீராசா ஓட்டோ ஓடுகிறவர். கல்முனைச் சந்தையடியில் நிற்பார். ஆறாம் வகுப்போடு படிப்பை விட்ட மனிசன், ஆனால் ஊரில் அவரைத் தெரியாத ஆள் இல்லை. காரணம், ஆர் மவுத்தானாலும் வாப்பா அங்கே நிற்பார். பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் ஜனாஸா அறிவித்தல் தொடங்கினால் ஓட்டோவை ஓரங்கட்டி எஞ்சினை நிறுத்திவிடுவார். பின்னால் இருக்கும் ஆள் அவசரம் என்று கத்தினாலும் சரிதான். பெயரைக் கேட்டு, ஒழுங்கையைக் கேட்டு, எத்தனை மணிக்கு அடக்கம் என்று கேட்டுவிட்டுத்தான் கிளம்புவார். நேரத்துக்குப் போய்த் தோள் கொடுப்பார். "சந்தூக்கப் புடிக்க ஆள் காணாம ஒரு மையத்து போகப்படாது" என்று சொல்வார். மையத்தை வைக்கும் அந்தச் சந்தூக்குப் பெட்டியின் பாரத்தால் அவருடைய வலத் தோளில் தோல் தடித்திருந்தது.

றிஸ்லாவை ரியூசனுக்குக் கொண்டுபோய் விடுவதும் கூட்டி வருவதும் வாப்பாவின் வேலை. நாலரைக்கு வகுப்பு முடிந்தால் ஐந்து மணிக்கு முன் வீட்டில் நிற்க வேண்டும். ஜூன், ஜூலை மாதங்களில் ஆறு மணிக்குத்தான் வந்தார்கள். ரியூசன் சேர் விடப் பிந்துகிறார் என்றார்கள், நம்பினேன். பிறகு ஒரு நாள் எங்கள் பள்ளிக்கூடத்தில், சவளக்கடையிலிருந்து வரும் கஜனி ரீச்சர் இடைவேளையில் என் பக்கத்தில் வந்து குந்தினாள்.

"உங்கட தங்கச்சி ஓட்டோ நல்லா ஓடுறா, என்ன ரீச்சர்? வளைவில மட்டுந்தான் கொஞ்சம் பயப்படுறா."

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. கஜனி சிரித்துக்கொண்டே விளக்கினாள். வாரத்தில் மூன்று நாள் அந்தியில் ஒரு ஓட்டோ சவளக்கடை வயல் ரோட்டுக்கு வருகிறதாம். தகப்பன் பின் சீற்றில் மகாராசா மாதிரிக் கால் மேல் கால் போட்டுக்கொண்டிருப்பாராம். பர்தா போட்ட பிள்ளை முன்னால் இருந்து ஓடுமாம். வேளாண்மைக்காரர் மண்வெட்டியைப் போட்டுவிட்டுப் பார்ப்பார்களாம். ஒரு தரம் வாய்க்கால் கரையில் ஏற்றிவிட்டு இரண்டு பேரும் இறங்கி நின்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்களாம்.

அன்று வீட்டுக்கு வந்து வாசலிலேயே நின்றேன். ஓட்டோ வந்தது. றிஸ்லாவை உள்ளே அனுப்பிவிட்டு வாப்பாவைப் பிடித்தேன்.

"எங்க வாப்பா போய் வாறீங்க?"

"சேர் பிந்தித்தான் விட்டவர் மகள்."

"சவளக்கடையிலயும் சேர் படிப்பிக்கிறாரா?"

அவர் தொப்பியைக் கழற்றித் தலையைத் தடவினார். பிடிபட்ட பொடியன் மாதிரிச் சிரித்தார்.

"அரை மணித்தியாலந்தான், புள்ள. அவ சிரிச்சி எத்தின நாள் எண்டு நீ பாத்தயா? படிக்கிற காலத்துலயே புள்ள இப்பிடிக் காஞ்சி போனா, டொக்டராகி ஆர மருந்து குடுத்துச் சொகமாக்கப் போறா?"

"இது மூணாந் தரம் வாப்பா. இதுக்குப் பொறகு தரம் இல்ல. இந்த முறையும் மெடிசின் கிடைக்காமப் புழைச்சா நான் ஒங்களத்தான் சொல்லுவன். அவ ஒழுங்கைல தலை குனிஞ்சி நடக்கக்குள்ள, வாப்பாதான் காரணம் எண்டு சொல்லுவன்."

அவருடைய சிரிப்பு போய்விட்டது. "நான் படிக்காத மனிசன். நீ சொன்னாச் சரி" என்று உள்ளே போனார். அடுத்த நாளிலிருந்து நாலு ஐம்பதுக்கே ஓட்டோ வாசலுக்கு வந்தது. நான் வென்றுவிட்டேன் என்று நினைத்தேன்.

றிஸ்லாவின் மாதிரிப் பரீட்சைப் புள்ளிகளை ஒரு கொப்பியில் எழுதி வந்தேன். எல்லாம் முடிந்த பிறகுதான் அதைத் திருப்பிப் பார்த்தேன். ஆகக் கூடிய புள்ளிகள் ஜூனிலும் ஜூலையிலும். சவளக்கடை நின்ற பிறகு கழுதை தேய்ந்து கட்டெறும்பான கதைதான். விஞ்ஞான ரீச்சருக்கு அந்தக் கணக்கு கண்ணில் படவில்லை.

நவம்பரில் பரீட்சை வந்தது, மாரி மழையோடு. முதல் பாடம் பயோலஜி, புதன்கிழமை. காலையில் மூன்று மணித்தியாலப் பேப்பர், பகல் இடைவேளை, பிறகு ஒரு மணியிலிருந்து மற்றப் பேப்பர். பரீட்சை மண்டபம் எங்கள் வீட்டிலிருந்து கூப்பிடு தூரத்தில் உள்ள பள்ளிக்கூடம். ஆனாலும் மழை என்பதால் வாப்பா ஓட்டோவில் ஏற்றினார். உம்மா சோற்றுப் பார்சல் கட்டிக் கொடுத்தா. நான் ஓட்டோவின் மழைப் படங்கை இழுத்துக் கட்டிவிட்டேன்.

ஏழரைக்கு வாப்பா திரும்பி வந்தார். சேட்டு நனைந்திருந்தது. வெறுந்தேத்தண்ணி கேட்டார். உம்மா கொண்டுவந்து வைத்தா. அவர் கதிரையில் குந்தி, "நெஞ்சுக்குள்ள என்னமோ செய்யிது" என்றார். பக்கத்து வீட்டு ஆட்கள் அவரை அவருடைய ஓட்டோவிலேயே ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். போகும் வழியிலேயே எல்லாம் முடிந்துவிட்டது. எட்டே காலுக்கு, கூடப் போன உம்மாவின் தம்பி அப்துல் கபூர் மாமா திரும்பி வந்து படியில் நின்றார். அவர் முகத்தைப் பார்த்ததுமே எங்களுக்குத் தெரிந்துவிட்டது. வாப்பாவுக்கு அறுபத்து மூன்று வயது.

உம்மா அப்படியே நிலத்தில் இருந்துவிட்டா. நான் அழுதேனா என்று நினைவில்லை. மணிக்கூட்டைப் பார்த்தது மட்டும் நன்றாக நினைவிருக்கிறது.

"நான் ஓடிப்போய் றிஸ்லாவக் கூட்டிக்கு வாறன்" என்றார் மாமா. "எட்டரைக்குத்தான் பேப்பர். இன்னம் மணி அடிக்கல்ல."

"வேணாம் மாமா."

"என்ன புள்ள சொல்ற?"

"வேணாம். எழுதட்டும்."

உம்மா நிமிர்ந்து பார்த்தா. "அவ வாப்பாட மொகத்தப் பாக்கோணும் ஜுனைதா. அது அவட ஹக்கு, அவட உரிமை."

"உம்மா, இண்டைக்கு வெளியில வந்தா எல்லாம் போச்சு. நாலாந் தரம் இல்ல. அவ பாத்தா மட்டும் வாப்பா எழும்பவா போறார்? வாப்பாட்டக் கேட்டா அவரும் எழுதச் சொல்லித்தான் சொல்லுவார்."

வாப்பா அப்படிச் சொல்லியிருக்கமாட்டார் என்று எனக்குத் தெரியும். அப்போதும் தெரியும். வாயில் வந்தது அதுதான். எட்டரைக்குப் பள்ளிக்கூட மணி மழைக்குள்ளால் கேட்டது.

ஒரு பேப்பரோடு முடிகிற விஷயமும் இல்லை. பிஸிக்ஸ் இருந்தது, கெமிஸ்ட்ரி இருந்தது. கடைசிப் பேப்பர் அடுத்த செவ்வாய்க்கிழமை. அதுவரை அவளுக்குத் தெரியக் கூடாது. அப்படியென்றால் அவள் மண்டபத்துக்குள் இருக்கும்போதே அடக்கிவிட வேண்டும். பின்னேரம் அஸருக்குப் பிறகு வைத்தால் அவள் வந்துவிடுவாள். பகல் ளுஹர் தொழுகையோடு எடுக்க வேண்டும். எங்கள் மார்க்கத்திலும் மையத்தைப் பிந்த வைக்கக் கூடாதுதானே என்று மாமாவிடம் சொன்னேன். தேவைக்கு எல்லாவற்றிலும் ஒரு நியாயம் கிடைக்கும்.

மிச்சம் இருந்தது அறிவித்தல். பள்ளிவாசல் ஒலிபெருக்கி பரீட்சை மண்டபத்தைப் பார்த்தபடி இருக்கிறது. 'இன்ன ஒழுங்கையைச் சேர்ந்த ஓட்டோ மீராசா வபாத்தானார்கள், அன்னார் றிஸ்லாவின் தந்தையாவார்' என்று அவள் பெயரையும் சேர்த்தே வாசிப்பார்கள். மாமா பள்ளிவாசல் நிர்வாகத்து மரைக்கார்மாரில் ஒருவர்.

"அறிவிக்க வேணாம் மாமா" என்றேன்.

அவர் என்னை வெறித்துப் பார்த்தார். "அறிவிக்காம ஒரு மவுத்தா? அதுவும் மீராசா மச்சானுக்கா?"

"ஆறு நாள் மாமா. ஆறு நாளைக்கு மட்டும். பேஸ்புக்குல போடுற பொடியன்மாருக்கும் சொல்லுங்க."

நிர்வாகம் மறுக்கும் என்று ஒரு பக்கம் எனக்கு ஆசையும் இருந்தது. மறுத்திருந்தால் பழி அவர்கள் மேல் போயிருக்கும். மறுக்கவில்லை. "சோதினை எழுதுற புள்ளட விசயம், ஊருக்கு ஒரு டொக்டர் வரப்போறா, நாமதான் ஒத்துழைக்கோணும்" என்று ஒரே வாயில் சொல்லி அனுப்பினார்களாம். ஏ.எல். பிள்ளைகள் இருக்கும் வீடுகளுக்கு ஆளனுப்பி, பிள்ளைகள் காதில் போட வேண்டாம் என்றும் சொல்லிவிட்டார்கள். ஊர் வாயை மூட உலைமூடி இல்லை என்பார்கள். அன்றைக்கு மூடினார்கள். எங்கள் ஊர் அவ்வளவு ஒற்றுமையாக நின்றதை நான் அதற்கு முன்னும் பார்க்கவில்லை, பின்னும் பார்க்கவில்லை.

வாப்பாவை வீட்டுக்குக் கொண்டுவந்து, குளிப்பாட்டி, வெள்ளைத் துணியால் கபனிட்டார்கள். உம்மா முகம் பார்த்தா. நான் பார்த்தேன். மூடப் போகும்போது மாமா ஒரு நிமிஷம் துணியைப் பிடித்தபடி வாசலைப் பார்த்துக்கொண்டு நின்றார். யாருக்காக நின்றார் என்று எல்லோருக்கும் தெரியும். "மூடுங்க மாமா" என்று நான்தான் சொன்னேன்.

ஒன்றரை மணிக்கு மாமா நனைந்து வந்தார். கடற்கரை ரோட்டெல்லாம் தண்ணி, சுற்றித்தான் மையவாடிக்குப் போனார்களாம். கதிரையில் குந்தாமல் நின்றுகொண்டே சொன்னார்.

"ஒண்டரைச் சப்புத்தான் புள்ள."

தொழுகைக்கு நின்றவர்கள் ஒன்றரை வரிசை. அதிலும் பாதிப் பேர் ளுஹர் தொழ வந்தவர்கள். ஊரில் எத்தனை பேருடைய மையத்தைச் சுமந்த மனிசன். அஸருக்குப் பிறகு கல்முனை ஓட்டோத் தரிப்பிடத்தில் இருந்து ஏழெட்டுப் பேர் கேள்விப்பட்டு வந்து வாசலில் நின்றார்களாம். "மீராசாக்காட சந்தூக்கத் தூக்க நாங்க இல்லாம ஆரு தூக்கின?" என்று ஒருவர் சத்தம் போட்டிருக்கிறார். நான் அப்போது வீட்டில் இல்லை.

நான் மூன்று மணிக்கு முகத்தைக் கழுவிக்கொண்டு, பூப்போட்ட உடுப்பு ஒன்றைப் போட்டுக்கொண்டு, வாடகை வேன் ஒன்றோடு பள்ளிக்கூட வாசலில் நின்றேன். றிஸ்லா குடையில்லாமல் ஓடி வந்தாள். முகத்தில் வெளிச்சம் இருந்தது. எத்தனையோ மாதத்துக்குப் பிறகு.

"பேப்பர் நல்லம் ராத்தா. ரெண்டும் நல்லம். வாப்பா எங்க?"

வேனில் வைத்துப் பொய்யை எடுத்து விட்டேன். வீட்டுக்குள் வெள்ளம் வந்துவிட்டது. பரீட்சை முடியும்வரை நாங்கள் இரண்டு பேரும் நிந்தவூரில் மாமாவின் மகள் வீட்டில் நிற்கிறோம். வாப்பாவுக்குக் காய்ச்சல், டெங்குவாம், மட்டக்களப்புக்கு அனுப்பியிருக்கிறார்கள். உம்மா கூட நிற்கிறா. பயப்பட ஒன்றுமில்லை.

"காலையில நல்லாத்தானே இருந்தார்?"

"காய்ச்சல் சொல்லிட்டா வரும்?"

"கதைக்கவா? ஒரு நிமிசம்."

"ஆஸ்பத்திரில போன் கதைக்க விடுறாங்க இல்ல. மெசேஜ் போடு, பாப்பார்."

வாப்பாவின் போன் என் கைப்பைக்குள் இருந்தது. அதை அங்கே வீட்டில் விட்டுவர எனக்குப் பயமாக இருந்தது. யாராவது எடுத்துக் கதைத்துவிடலாம். மெசேஜ் போடு என்று நான் சொன்னதை நம்பி அவள் போடுவாள் என்று யோசிக்கவில்லை. வேன் காரைதீவைத் தாண்டும்போதே என் பைக்குள் அது அதிர்ந்தது.

அந்த ஆறு நாளும் அவள் அந்தியில் மஃரிப் தொழுதுவிட்டு வாப்பாவுக்குக் குரல் செய்தி அனுப்பினாள். நான் கழிவறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு காதில் வைத்துக் கேட்பேன். "வாப்பா, மருந்து ஒழுங்காக் குடிக்கிறீங்களா? பப்பாசி இலைச் சாறு குடிக்கச் சொல்றாங்க, கசக்கும், மூக்கப் பொத்திக்குக் குடிங்க." இன்னொரு நாள்: "வாப்பா, பிஸிக்ஸ்ல ஒரு கேள்வி விட்டுட்டன். ராத்தாட்டச் சொல்லல்ல." மூன்றாம் நாள் அவள் சந்தேகப்படத் தொடங்கினாள். "ஏன் ராத்தா வாப்பா ஒரு பதிலும் போடுறார் இல்ல? பாத்திரிக்கார், நீலச் சரி விழுந்திரிக்கி." அன்று நான் கழிவறைக்குள் நின்று வாப்பாவின் போனிலிருந்து கட்டைவிரல் படம் ஒன்றை அனுப்பினேன். வாப்பாவுக்கு எழுத வராது, எல்லாவற்றுக்கும் அந்தக் கட்டைவிரல்தான் போடுவார். வெளியே அவள் சிரித்த சத்தம் கேட்டது. மவுத்தான மனிசனின் விரலைப் பிடித்து நான் கையெழுத்து வைத்தேன். பாவத்தில் பெரியது எது, சிறியது எது என்று எனக்குத் தெரியாது. இதற்கு மன்னிப்பு உண்டா என்று எந்த மௌலவியிடமும் இன்னும் கேட்கவில்லை.

திங்கட்கிழமை அவள் அனுப்பியது கடைசி. "நாளைக்கு முடியிது வாப்பா. நீங்க சொகமானா சவளக்கடைக்குப் போவம். வளைவில நான் இனிப் பயப்படமாட்டன். ராத்தாவையும் பின்னால ஏத்திக்குப் போவம், அவவும் பாவம்." அதற்கும் ஒரு கட்டைவிரல் போட்டேன். போட்டுவிட்டு வாயைத் துணியால் அடைத்துக்கொண்டு அழுதேன்.

அவளுக்கு மெடிசின் கிடைத்ததா என்று கேட்பீர்கள். எல்லோரும் அதைத்தான் முதலில் கேட்கிறார்கள். கிடைத்தது. மாவட்டத்தில் ஒன்பதாம் இடம். ஒழுங்கை முகப்பில் விளையாட்டுக் கழகப் பொடியன்மார் அவள் பெயரைப் போட்டுப் பெனர் கட்டினார்கள், மழையில் கிழியும்வரை அது தொங்கியது. அவள் இப்போது தூர ஊரில் படிக்கிறாள். விடுமுறைக்கு வருவதில்லை. உம்மாவோடு போனில் கதைப்பாள். நான் வாங்கினால், "உம்மாட்டக் குடுங்க" என்பாள். என்னைப் பற்றி யாரிடமும் குறை சொன்னதில்லை. அதுதான் என்னைத் தின்கிறது.

அந்தச் செவ்வாய்க்கிழமை கடைசிப் பேப்பர் மூன்று மணிக்கு முடிந்தது. வேனில் ஏற்றிக்கொண்டு வீட்டுப் பக்கம் திருப்பச் சொன்னேன். வழியில் சொல்லலாம் என்று இருந்தேன். கதைகளை எல்லாம் மனதில் கோத்து வைத்திருந்தேன். வாய் வரவில்லை. அவள் யன்னலால் தலையை நீட்டி மழைக்காற்றை முகத்தில் வாங்கிக்கொண்டு, "முடிஞ்சி ராத்தா, எல்லாம் முடிஞ்சி" என்று சொல்லிக்கொண்டு வந்தாள். வீட்டு வாசலில் வேன் நின்றது. ஓட்டோ ஓரமாக நின்றது, படங்கு போர்த்தியபடி.

"வாப்பா வந்திட்டாரா?" என்று இறங்கி உள்ளே ஓடினாள்.

நடு அறையில் திரை கட்டியிருந்தது. திரைக்குப் பின்னால் உம்மா வெள்ளை உடுத்து இத்தா இருந்தா. றிஸ்லா திரையை விலக்கினாள். புருஷன் மவுத்தான பெண்தான் அப்படி இருப்பா என்று எங்கள் ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அவள் அப்படியே நின்றாள். உம்மா கையை நீட்டினா. அவள் போகவில்லை. திரும்பி என்னைப் பார்த்தாள்.

"எப்ப?"

"புதன்கிழம" என்றேன்.

"பயோ அண்டைக்கா?"

"ஓம்."

"எத்தின மணிக்கு எடுத்த?"

"ளுஹரோட."

அவள் தலையை ஆட்டினாள், நான் பாடம் சொல்லிக் கொடுக்கும்போது ஆட்டுவது போல. அழுவாள், என்னை அடிப்பாள், போட்டு உடைப்பாள் என்று நினைத்திருந்தேன். அதற்கெல்லாம் என்னிடம் பதில் இருந்தது. அவள் சுவரோடு சாய்ந்து மெல்லக் குந்தினாள்.

"பள்ளில அறிவிக்கல்லயா?"

"நான்தான் வேணாம் எண்டன். ஒனக்குக் கேட்டுரும் எண்டு."

உம்மா விம்மும் சத்தம் கேட்டது. பிறகு றிஸ்லா கையைப் பார்த்துக்கொண்டே கதைத்தாள். என்னோடு கதைப்பது போலவே இல்லை.

"அண்டைக்கு இடைவேளைல பள்ளிக்கூடக் கேட்டடியில நிண்டு சோறு தின்னக்குள்ள ஒரு மையத்து போச்சு. எல்லாரும் குடை புடிச்சிக்குப் போனாங்க, ஒரு ஆள்ட மொகமும் தெரியல்ல. கொஞ்சப் பேர்தான். சந்தூக்கு ஒரு பக்கம் சரிஞ்சிக்குப் போச்சு, மாத்திப் புடிக்க ஆள் இல்ல. பக்கத்துல நிண்ட புள்ள கேட்டா, ஆர்ட மையத்து எண்டு. பிறத்தியூர் ஆளா இரிக்கும், எங்கட ஊர் ஆளெண்டா அறிவிச்சிருப்பாங்கதானே எண்டு நான்தான் சொன்னன்."

அவள் வலக் கையை விரித்துப் பார்த்தாள்.

"மறுகா மிச்சச் சோத்தையும் திண்டுட்டுத்தான் பேப்பர் எழுதப் போனன், ராத்தா."